சிலேட்டுக்கு மேலே

ஜூன் 11, புதன்

எங்கள் காப்பகம் ஒரு பெண்ணின் பெயரை வெட்டி எறிந்துவிட்டது.

நேற்று செவ்வாய். செவ்வாய்தோறும் காப்பகத்தின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களில் ஒரு பழைய முகத்தைப் போடுவோம். 'இந்த முகம் யாருடையது? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்' என்று கீழே எழுதுவோம். எழுதுவது நான். ஜீவிதா, சமூக ஊடகப் பொறுப்பாளர், ஒப்பந்தப் பணி. ஒப்பந்தம் இந்த மாதம் முப்பதோடு முடிகிறது.

முகங்கள் நல்லருவி மில் ஆல்பத்திலிருந்து வருபவை. மில் குடும்பம் போன வருடம் ஸ்கேன் செய்யக் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொண்டது. நானூற்றுப் பன்னிரண்டு தொழிலாளர்கள். ஒவ்வொருவரும் நெஞ்சுக்கு நேரே ஒரு சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதில் சாக்பீஸால் பெயர், நம்பர், டிபார்ட்மெண்ட், தேதி. பக்கத்தில் போடும் படங்களில் சிலேட்டு இருக்காது. சிலேட்டோடு பார்த்தால் போலீஸ் ஸ்டேஷன் படம் மாதிரி இருக்கும் என்பதால் முகம் மட்டும் வருகிற மாதிரி வெட்டப்பட்டது.

நேற்று போட்டது இருபத்தி சொச்சம் வயதுப் பெண். இடது காதுமடல் கிழிந்து, அந்தக் காதில் மட்டும் தோடு இல்லை. கேமராவை முறைக்கிறாள். இன்று காலைக்குள் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். 'ஃபில்டர் இல்லாத அழகு.' 'இந்தக் காலத்துப் பொண்ணுங்க பாத்துக் கத்துக்கோணும்.' 'ஹீரோயின் மெட்டீரியல்.' இதய ஈமோஜிகள். இவற்றுக்கு நடுவே செம்பருத்திப் பூவை முகப்புப் படமாக வைத்திருக்கும் கலாமணி என்பவர் எழுதியது:

'இது எங்க அம்மா மாராத்தாள். 1988 தீவிபத்துல மில்லுக்குள்ள போனவங்க. கைல புடிச்சிருந்த சிலேட்ட எதுக்கு வெட்டுனீங்க.'

யாருடைய முகம் என்று கேட்டோம். ஒருவர் சொல்லிவிட்டார். நாங்கள் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை. தலைக்குக் குளிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

இயக்குநர் மனோகரன் சார் கூப்பிட்டார். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். கத்த மாட்டார். பார்வை எண்ணிக்கையைப் பற்றி இரண்டு நிமிடம் பாராட்டிவிட்டு, அந்த ஒரு கமெண்டை மட்டும் மறைத்துவிடச் சொன்னார். அழிக்க வேண்டாமாம், அழித்தால் சத்தம் போடுவார்களாம்.

மறைப்பது ஒரு வசதி. எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் கமெண்ட் அப்படியே தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. கலாமணி அக்கா தன் போனைத் திறந்து பார்ப்பார். எழுதியது இருக்கும். ஒன்றரை லட்சம் பேர் படித்துவிட்டுப் பேசாமல் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

மறைத்தேன். ஒரே ஒரு தட்டு.

ஸ்கேனிங் பிரிவு தினகர் அண்ணாவிடம் சொன்னேன். பன்னைக் காபியில் முக்கிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, அத்தன பேரு பாத்தாங்களே, ஒருத்தராச்சும் கீழ என்ன இருந்துச்சுன்னு கேட்டாங்களா? பெத்த பொண்ணு ஒருத்திதான் கேட்டிருக்கா. உன்ற வேல அவ்வளவு சுத்தம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

துணி துவைத்தேன். மழை. காயவில்லை.

ஜூன் 16, திங்கள்

கலாமணி அக்கா நேரில் வந்தார்.

நாங்கள் 'மக்களின் காப்பகம்'. முகப்புப் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. வாசலில் செக்யூரிட்டி அவரை இருபது நிமிடம் நிறுத்தி வைத்தார். வருகைப் பதிவேட்டில் மூன்று கட்டங்கள்: ஆய்வாளர், மாணவர், மற்றவை. அவர் மற்றவையில் டிக் போட்டிருந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, வயது நாற்பத்தொன்று. படத்தில் இருக்கும் அம்மாவுக்கு இருபத்து மூன்று. கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே வந்திருந்தார். அரை நாள் விடுப்பாம்.

உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மேசைமேல் இருந்த என் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு சொன்னார். அம்மா மாராத்தாள் நல்லருவி மில்லில் கழிவுப் பஞ்சு அறையில் பதிலி. நிரந்தர ஆள் வராத நாளில் மட்டும் வேலை. ரோலில், அதாவது மில்லின் ஆள் பதிவேட்டில், பெயர் கிடையாது. தீப்பிடித்த அன்று உள்ளே போனவள் திரும்பவில்லை. மில் ஆறு பேர் செத்ததாகச் சொன்னது. ஆறு பேரும் ரோலில் இருந்தவர்கள். மாராத்தாள் என்று யாரும் எங்களிடம் வேலை பார்க்கவில்லை என்றார்கள். சாம்பலில் ஆள் அடையாளம் தெரியாது. ஊர் தானாக ஒரு கதை கட்டியது: ஃபிட்டரோடு ஓடிவிட்டாள். அந்த ஃபிட்டர் அதே வாரம் வேலையை விட்டுப் போனான், அதுதான் ஆதாரம். அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டார். அம்மாவின் தங்கை, சித்திதான் கலாமணியை வளர்த்தார்.

"பள்ளிக்கூடத்துலயும் ஓடிப்போனவ மகதானுங்க. கட்டிக்குடுத்த ஊட்லயும் அதேதானுங்க. எங்கூட்டுக்காரரு சண்டைன்னு வந்தா மொதல்ல அதத்தான் எடுப்பாரு. நேத்து எம்மக பத்தரை மணிக்கு வந்தா, லேட்டா வந்தாளாமா, அவளையும் அப்படியேதான் சொன்னாங்க. மூணாவது தலமுறைங்க."

இந்த மாதம் முப்பதாம் தேதி மில்லின் நூற்றாண்டு விழா. தீயில் இறந்தவர்களுக்குக் கல் வைக்கிறார்கள். ஆறு பெயர். ஏழாவதைச் சேர்க்கச் சொல்லி மில் ஆபீசுக்குப் போயிருக்கிறார். ஆதாரம் கொண்டு வா என்றார்களாம். முப்பத்தேழு வருடம் ஆதாரம் இல்லை. போன செவ்வாய் சித்தி மகன் போனில் எங்கள் பக்கத்தைக் காட்டினான். அம்மாவின் படம் என்று ஒன்றுகூட வீட்டில் இருந்ததில்லை. காதுமடலைப் பார்த்துச் சித்தி சொல்லிவிட்டார். நாலு வயதுக் கலாமணி பிடித்து இழுத்துக் கிழித்த காது அது.

"படம் புடிச்ச அன்னைக்குச் சித்தியும் கூடப் போயிருக்காங்க. கிளார்க்கு சாக்பீஸ்ல பேரும் நம்பரும் எழுதி அம்மா கைல குடுத்தாராமா. ஏனுங்க மேடம், அந்தக் கீழ்ப்பக்கம் எங்கீங்க? அது மட்டும் குடுங்க போதும். வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

படம் எங்களுக்கு வந்ததே அப்படித்தான் என்று சொன்னேன்.

அவர் கம்ப்யூட்டரிலிருந்து பார்வையை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு, "வந்ததே அப்படித்தானுங்களா" என்று கேட்டுவிட்டு எழுந்தார். போகும்போது பதிவேட்டில் வெளியேறிய நேரத்தையும் எழுதச் சொன்னார்கள். எழுதினார்.

மதியம் தக்காளி சாதம். சாப்பிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

புது முகம் போட்டேன். மீசைக்கார ஆள். பத்தாயிரம்கூடத் தாண்டவில்லை. பெண் முகம் போட்டால் நன்றாகப் போகும் என்று மனோகரன் சார் ஆலோசனை சொன்னார்.

அக்கா இந்தப் படத்தின் கீழும் எழுதியிருந்தார். 'இவருக்கும் சிலேட்டு இருந்திருக்குமே.' மறைத்தேன்.

ஜூன் 18, புதன்

மில் குடும்பத்தின் பேரன் கிரீஷுக்கு போன் செய்தேன். காப்பகத்தை நடத்தும் அறக்கட்டளையில் அவரும் உறுப்பினர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், வெளிநாட்டில் படித்தவர், தொழிலாளர் வரலாறு என்றால் உருகுவார். ஆல்பத்தை இன்னொரு முறை ஸ்கேன் செய்ய வேண்டும் என்றேன். அதற்கென்ன, பத்திரமாக இருக்கிறது, ஆள் அனுப்புங்கள் என்றார்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்டார். சொன்னேன்.

குரல் மாறவில்லை. இன்னும் அன்பாகப் பேசினார். வேலை கேட்டு வந்தவர்களையும் அந்தக் காலத்தில் படம் எடுப்பார்களாம். ஆல்பத்தில் முகம் இருப்பதாலேயே வேலை பார்த்தார் என்று ஆகிவிடாதாம். நம்பர் கொடுத்திருந்தால் மட்டும்தான் மில்லுக்குள் போயிருக்க முடியும். "நம்பர் இருக்கற எடம்தான் உங்க படத்துல இல்லியே, ஜீவிதா" என்றார். பாவம், அந்தம்மாவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது என்றும் சொன்னார்.

ஜூன் 20, வெள்ளி

ஒரு கல்லூரியில் பயிலரங்கு. 'காப்பகங்களும் சமூக ஊடகமும்.' என்னைப் பேச அனுப்பினார்கள். எண்பது மாணவர்கள், ஏசி அரங்கம், சால்வை, தேங்காய் பன்.

ஒரே படத்தை இரண்டு விதமாகக் காட்டினேன். சிலேட்டோடு போட்டதற்கு நாற்பத்தாறு லைக். சிலேட்டை எடுத்துவிட்டுப் போட்டதற்குத் தொள்ளாயிரம். மக்கள் ஆவணத்தைப் பார்க்க மாட்டார்கள், கண்ணைப் பார்ப்பார்கள் என்றேன். கைதட்டினார்கள். இந்த ஸ்லைடை நான் செய்தது போன வருடம். சிலேட்டு இடம்பெற்ற படம் என்று எங்களிடம் இப்போது மிஞ்சியிருப்பது அந்த ஸ்லைடில் இருக்கும் ஒன்றுதான். அது யாரோ ஆறுமுகம் என்பவருடையது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: வெட்டுவதற்கு முன்னால் மூலப் படத்தைத் தனியாக வைத்துவிடுவீர்கள் அல்லவா? அதுதான் முறை என்று பதில் சொன்னேன்.

முறை அதுதான். எங்களிடம் இரண்டு ஃபோல்டர்கள் உண்டு. 'மூலம்', 'நகல்'. மூலத்தில் கை வைக்கக் கூடாது. நகலில்தான் வெட்டலாம், பூசலாம். என் கம்ப்யூட்டர் பழசு. நானூற்றுப் பன்னிரண்டு பெரிய கோப்புகளை நகல் எடுக்க அரை நாள் ஆகும். அன்று மாலை பதிவு போட வேண்டியிருந்தது. மூலம் ஃபோல்டரிலேயே மொத்தமாக வெட்டும் கட்டளை கொடுக்கப்பட்டது. பதினொரு நிமிடம். தானாக பேக்கப் எடுக்கும் வட்டில் அன்றிரவே பழையதன் மேல் புதியது ஏறிவிட்டது.

கட்டளை கொடுக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறேன். 'வெட்டப்பட்டது' என்று பதினொன்றாம் தேதியும் எழுதியிருக்கிறேன். யார் என்று எழுதவில்லை.

மீந்த பன்களைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். ஹாஸ்டலில் பகிர்ந்துகொண்டோம்.

ஜூன் 21, சனி

நான்தான். யாரும் சொல்லவில்லை. சார் சொல்லவில்லை, மில் சொல்லவில்லை. போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது என்று சொன்னதும் நான்தான்.

ஜூன் 22, ஞாயிறு

அம்மா ஊரிலிருந்து போன். வேலை நிரந்தரமாகுமா என்று கேட்டாள். தம்பிக்கு இன்னும் ஒரு வருடம் படிப்பு பாக்கி. பார்க்கலாம் என்றேன். நான் போட்ட மில் பெண்ணின் படத்தைப் பக்கத்து வீட்டாருக்கெல்லாம் காட்டினாளாம். "நல்ல களையான மொகம். யாரு பெத்த புள்ளயோ" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

கிரீஷ் மனோகரன் சாருக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது சாமான்களை மாற்றியதில் ஆல்பம் எங்கே போனதென்று தெரியவில்லையாம். போன புதன் பத்திரமாக இருந்தது. ஆறு நாளில் பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.

சாரின் அறையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மூலத்திலேயே வெட்டியதை, பேக்கப் போனதை, அக்காவிடம் பொய் சொன்னதை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாம காப்பகம்மா, கோர்ட் இல்ல" என்றார். "நீ இத யார்கிட்டயும் சொல்லாத. மூலத்துலயே கை வெச்சோம்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எந்தக் குடும்பம் நம்பளுக்கு ஆவணம் குடுக்கும்? உன்ற ஒப்பந்தத்துக்கு நான் எழுதிட்டேன். ரெண்டு வருசம்."

காகிதத்தைக் காட்டினார். என் பெயர் சரியாக இருந்தது. பெயர், பணி எண், பிரிவு, தேதி.

மாராத்தாளின் படத்தைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். இரண்டு லட்சத்து முப்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். ஒருவர்கூட எங்கே என்று கேட்கவில்லை. செவ்வாய்க்கான புது முகம் போட்டேன். பெண்.

ஜூன் 26, வியாழன்

சித்தியிடம் ஒரு வாக்குமூலம் வாங்கி மில்லுக்கு அனுப்பலாமே என்று தினகர் அண்ணாவிடம் கேட்டேன். "பதிலிக்குப் பதிலி சாட்சியா?" என்றார். சித்தியும் அதே மில்லில் பதிலிதானாம், அக்கா வந்த அன்று வாசலில் இவரிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, ஸ்கேன் செய்த அன்று தன் போனில் விளையாட்டாக எடுத்த படங்கள் ஏதாவது இருக்கும், பார்க்கிறேன் என்றார். மத்தியானம் முழுக்கத் தேடினார். ஆல்பத்தின் அட்டை இருந்தது. அவருடைய கட்டைவிரல் இருந்தது. மாராத்தாள் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 30, திங்கள்

நல்லருவி மில் நூற்றாண்டு விழா. காப்பகத்தின் பக்கத்தில் நேரலை செய்ய என்னை அனுப்பினார்கள். மில் ஓடி இருபது வருடமாகிறது. கட்டடத்தை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். கழிவுப் பஞ்சு அறை இருந்த இடத்தில் கார் நிறுத்தம். கல் அதன் ஓரத்தில். கறுப்பு கிரானைட், மேலே மஞ்சள் துணி.

துணியை கிரீஷ் விலக்கினார். ஆறு பெயர்கள், தங்க நிறத்தில். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது, குளோசப்பில் எடுத்தேன். எண்ணூறு பேர் நேரலையில் இருந்தார்கள். இதயங்கள் மேலே போய்க்கொண்டிருந்தன. ஆறாவது பெயருக்குக் கீழே ஒரு ஜாண் இடம் சும்மா இருந்தது. செதுக்கியவர் அளவில் தவறியிருக்க வேண்டும், அல்லது இப்படித்தான் அழகு என்று நினைத்திருக்க வேண்டும்.

கூட்டத்தின் பின்னால் கலாமணி அக்கா நின்றார். பக்கத்தில் சித்தி. அழைப்பிதழ் இல்லாததால் கயிற்றுக்கு வெளியே. சத்தம் எதுவும் போடவில்லை. சித்தி மட்டும் உதட்டை அசைத்துப் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார், முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

நேரலையை முடித்தேன். போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கயிற்றைத் தாண்டிப் போனேன். எப்படிச் சொல்வது என்று யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். படம் எங்களிடம் முழுதாகத்தான் வந்தது, சிலேட்டு இருந்தது, வெட்டியது நான், மூலமும் போய்விட்டது, ஆல்பம் அவர்கள் வீட்டில் இருக்கிறது, இல்லை என்கிறார்கள் என்று சொன்னேன். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னேன்.

அறைவார் என்று நினைத்தேன். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா என்னையே பார்த்தார். படத்தில் இருக்கிற அதே முறைப்பு. பிறகு அது இளகியது. அதுதான் தாங்க முடியவில்லை, அவருக்கு ஏதோ நம்பிக்கை வந்துவிட்டது.

"அப்ப நீங்க பாத்திருக்கீங்க" என்றார்.

புரியவில்லை.

"வெட்டறதுக்கு முன்னாடி நீங்க பாத்திருப்பீங்கல்ல, அம்மிணி? முழுசா பாத்தது நீங்க ஒருத்திதான. என்ன எழுதியிருந்துச்சு? மாராத்தாள்னு இருந்துச்சா? நம்பர் என்ன இருந்துச்சு? நீங்க படிச்சவங்க. ஒருக்கா பாத்தாக்கூட ஞாபகம் இருக்குமுங்களே."

நானூற்றுப் பன்னிரண்டு சிலேட்டுகள் என் திரையில் ஓடின. பதினொரு நிமிடம். நான் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

வாயைத் திறந்தேன். கிரீஷ் மைக்கில் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார். கூட்டம் எங்களுக்கு நடுவே புகுந்தது.

ஜூலை 1, செவ்வாய்

இன்று முகம் போடவில்லை. சார் இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்ட கடிதத்தைத் திருப்பூருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நான் செய்தது எல்லாம் அதில் இருக்கிறது. சிலேட்டில் என்ன இருந்தது என்பது இல்லை.

மாராத்தாளின் கோப்பைத் திறந்து பெரிதாக்கினேன். படத்தின் அடி ஓரத்தில் இரண்டு பெருவிரல் நகங்கள் தெரிகின்றன. அவற்றுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு, சிலேட்டின் மரச்சட்டம். இன்னும் ஒரு விரற்கடை கீழே வெட்டியிருந்தால் முதல் எழுத்தின் தலையாவது கிடைத்திருக்கும். பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். கட்டங்கள்தான்.

பதினொன்றே காலுக்குக் காப்பகத்தின் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. செம்பருத்திப் பூ, கலாமணி அக்கா: 'பேரு ஞாபகம் வந்துச்சுங்களா மேடம்?' 'தொடர்பு கொண்டமைக்கு நன்றி, விரைவில் பதிலளிப்போம்' என்று எங்கள் பக்கம் தானாகவே சொல்லிக்கொண்டது. அதை எழுதி வைத்ததும் நான்தான்.

பன்னிரண்டுக்கு இன்னொன்று. சாப்பாட்டு இடைவேளையாக இருக்கும்.

'பேரு ஞாபகம் இல்லைன்னா பரவால்ல மேடம். நம்பர் மட்டும் சொல்லுங்க.'